'மெயில் வரவில்லை' என்றால் எங்கே தேடுவது?

2024ஆம் ஆண்டு தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், நம் உறுப்பினரான பருப்பு மொத்த வியாபாரி ஒருவர் பெரிய மனத்தாங்கலுடன் சங்க அலுவலகத்துக்கு வந்தார். பல கிளைகளுள்ள ஓட்டல் நிறுவனம் ஒன்றுக்கு அவர் துவரம்பருப்பு சப்ளை செய்கிறார். அக்டோபர் 5, சனிக்கிழமை மாலை, "திங்கட்கிழமை முதல் கிலோவுக்கு 4 ரூபாய் கூடுதல்" என்று இ-மெயில் அனுப்பினார். அடுத்த இரண்டு வாரங்களில் 50 கிலோ மூட்டையாக 200 மூட்டை போயிற்று. பில் பாஸ் ஆகும் நேரத்தில் ஓட்டல் தரப்பில், "விலை ஏற்றிய மெயில் எதுவும் எங்களுக்கு வரவில்லை, பழைய விலைதான்" என்று சொல்லிவிட்டார்கள். வித்தியாசம் 40,000 ரூபாய். பருப்பில் கிலோவுக்கு நிற்கும் லாபம் என்னவென்று வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அவர் தமது செல்போனை எடுத்து, 'சென்ட்' பகுதியில் அந்தக் கடிதம் இருப்பதைக் காட்டினார். அது போதாது என்று நாம் சொன்னபோது அவருக்கு வருத்தம்தான். ஆனால் உண்மை அதுவே. 'சென்ட்' பகுதியில் இருப்பது, பழைய நாளில் நாம் கடிதம் எழுதும்போது கீழே கார்பன் வைத்து எடுத்துக்கொண்ட நகல் போன்றது. எழுதினோம் என்பதற்கு அது சாட்சி. தபாலில் சேர்ந்தது என்பதற்குச் சாட்சியாகாது. அதற்கான சாட்சி வேறோர் இடத்தில் இருக்கிறது. மெயில் அனுப்பும் சர்வர் கம்ப்யூட்டர், தான் செய்யும் ஒவ்வொரு காரியத்தையும் மணி நிமிடத்தோடு ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகிறது. அதற்கு 'லாக்' என்று பெயர். நம்முடைய நாள்வழிக் குறிப்பேடு மாதிரியே, நடந்தது நடந்தபடி, வரிசையாக எழுதப்படுவது.

இப்படி எழுதும் ஏற்பாட்டுக்கு மூலமே மெயில்தான் என்பது பலருக்குத் தெரியாது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 'சென்ட்மெயில்' என்ற மெயில் நிரலை எழுதிய எரிக் ஆல்மன், அதன் பகுதியாக 1980களில் உண்டாக்கியதே 'சிஸ்லாக்' என்ற பதிவு முறை. பிறகு மற்ற நிரல்களும் அதையே எடுத்துக்கொண்டன. நம் உறுப்பினரின் சர்வரில் இருப்பது 'போஸ்ட்ஃபிக்ஸ்' என்ற நிரல். வீட்சே வெனிமா என்பவர் ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் எழுதி 1998இல் வெளியிட்டது. இலவசமாகக் கிடைப்பதால் இன்றும் ஏராளமான சர்வர்களில் ஓடுகிறது. கீழே நாம் சொல்வதெல்லாம் அதை வைத்தே. வேறு நிரலானால் எழுத்து முறை மாறும், எண்கள் மாறா.

அன்று சர்வர் பார்க்கும் பையனை வரவழைத்து, சனிக்கிழமை மாலை 6 மணி 50 நிமிடத்தையொட்டி லாக்கில் தேடச் சொன்னோம். அந்த நேரத்தில் அப்படி ஒரு கடிதமே இல்லை! ஓட்டல்காரர் சொல்வதே சரியோ என்று ஒரு கணம் நாமும் நினைத்துவிட்டோம். பிறகுதான் விஷயம் புரிந்தது. பல சர்வர்கள் இந்திய நேரத்தில் எழுதுவதில்லை, 'யு.டி.சி.' எனப்படும் உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன. அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். நம் மாலை 6.50 அதற்குப் பகல் 13.20. அங்கே பார்த்தால் கடிதம் இருந்தது. லாக்கில் எதையும் தேடுமுன் அது எந்த ஊர் நேரம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதை அன்று நாம் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

லாக்கின் ஒரு வரி முதலில் பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். கூர்ந்து பார்த்தால் லாரி புக்கிங் ரசீதில் இருப்பதற்கு மேல் ஒன்றுமில்லை. தொடக்கத்தில் தேதி, மணி. பிறகு எழுதிய நிரலின் பெயர். அடுத்து எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறி. இதுதான் 'கியூ' எண், அதாவது ரசீது எண். ஒரு கடிதம் உள்ளே வந்தது முதல் வெளியேறும் வரை எல்லா வரிகளிலும் இதே எண் தொடரும். இடையே மற்ற கடிதங்களின் வரிகள் நூறு கலந்திருந்தாலும், இந்த எண்ணைக் கொடுத்துத் தேடினால் நம் சரக்கு மட்டும் தனியே வந்துவிடும். 'டு' என்ற இடத்தில் பெறுபவர் முகவரி, 'ரிலே' என்ற இடத்தில் எந்த சர்வரிடம் கொடுக்கப்பட்டது என்ற விவரம், 'டிலே' என்ற இடத்தில் எத்தனை விநாடி ஆயிற்று என்ற கணக்கு. கடைசியில் 'ஸ்டேட்டஸ்', அதன் பக்கத்தில் அடைப்புக் குறிக்குள் எதிர்த்தரப்பு சர்வர் சொன்ன பதில், வார்த்தைக்கு வார்த்தை. பிழை என்று வந்தால் நாம் படிக்க வேண்டியது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். கம்ப்யூட்டர் பையன்களில் பலர் இதைப் படிக்காமலேயே சர்வரை அணைத்துப் போடுவதை நாம் கண்டிருக்கிறோம். ஓட்டல்காரரின் சர்வர் ஏன் வாங்கவில்லை என்பது நம் சர்வரை அணைத்துப் போட்டால் எப்படித் தெரியும்?

அந்தப் பதில் மூன்று இலக்க எண்ணோடு தொடங்கும். ஜான் போஸ்டல் 1982இல் எழுதிய மெயில் விதிமுறையிலிருந்து இன்றுவரை இதன் பொருள் மாறவில்லை. 2இல் தொடங்கினால் வாங்கிக்கொண்டேன். 4இல் தொடங்கினால் இப்போது முடியாது, பிறகு வா. 5இல் தொடங்கினால் முடியவே முடியாது. போஸ்ட்ஃபிக்ஸ் இவற்றை முறையே 'சென்ட்', 'டிஃபர்ட்', 'பவுன்ஸ்ட்' என்று குறிக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல், 4 வந்ததற்குப் பதறி ஒரே கடிதத்தைப் பத்து முறை அனுப்புவோரும் உண்டு. 5 வந்ததற்குத் தானாகப் போய்விடும் என்று காத்திருப்போரும் உண்டு.

நம் உறுப்பினரின் கடிதத்துக்கு முதலில் வந்தது 450. 'கிரேலிஸ்ட்' செய்யப்பட்டது, பிறகு முயல்க என்று பதில். முன்பின் தெரியாத சர்வர் வந்து கதவைத் தட்டினால், சில இடங்களில் வேண்டுமென்றே முதல் தடவை திருப்பி அனுப்புவார்கள். ஒழுங்கான சர்வர் சில நிமிடம் கழித்து மீண்டும் வரும். குப்பை மெயிலை வாரியிறைப்பவன் பெரும்பாலும் திரும்ப வரமாட்டான். இது 2003 முதல் வழக்கத்திலுள்ள ஒரு தந்திரம். போஸ்ட்ஃபிக்ஸ் பொறுமையாக 13.26க்கு மறுபடி முயன்றிருக்கிறது. இம்முறை 250, வாங்கிக்கொண்டேன், என் வரிசையில் இன்ன எண்ணில் வைத்திருக்கிறேன் என்ற பதில். ஓட்டல் சர்வரே கொடுத்த ரசீது எண் அது.

இங்கே சட்டத்தையும் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 13ஆம் பிரிவின்படி, இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தாலன்றி, ஒரு மின்னணுப் பதிவு அனுப்புநரின் கட்டுப்பாட்டுக்கு வெளியேயுள்ள கம்ப்யூட்டரில் நுழையும் கணமே அனுப்பப்பட்டதாகும். பெறுபவர் இன்ன முகவரிக்கு அனுப்புக என்று குறிப்பிட்டிருந்தால், அந்தக் கம்ப்யூட்டர் அமைப்பில் நுழையும்போதே அது பெறப்பட்டதாகும். அவர் திறந்து படித்தாரா என்பது அடுத்த சங்கதி. லாக்கில் உள்ள 250 வரி அந்த நுழைவையே காட்டுகிறது. மெயில் வழியே ஏற்பட்ட ஒப்பந்தம் செல்லும் என்று டிரைமெக்ஸ் - வேதாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் கூறியிருக்கிறது. கோர்ட்டுக்குப் போவதானால் லாக்கை அச்செடுத்து நீட்டினால் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்துள்ள பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழும் இணைக்க வேண்டும். அதை வக்கீலிடம் கேட்டுச் செய்க.

அந்த ரசீது எண்ணைக் கொடுத்ததும் ஓட்டல் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் அதிகாரி, தங்கள் லாக்கில் பார்த்து நேர்மையாகப் பதில் சொன்னார். கடிதம் வந்திருக்கிறது. ஆனால் கொள்முதல் மேலாளரின் 'ஸ்பேம்' பெட்டிக்குள் விழுந்திருக்கிறது. ஏன் விழுந்தது என்ற காரணத்தையும் அவர்கள் லாக் எழுதி வைத்திருந்தது. அதைப் படித்தபோது நம் உறுப்பினரின் முகம் வாடிவிட்டது. தவறு அவர் பக்கம் இருந்தது.

அந்த ஆண்டு ஆடி மாதம் அவர் வாடகை குறைவு என்று சர்வரை வேறு கம்பெனிக்கு மாற்றினார். பெயர் அதேதான், இயந்திரம் வேறு. நம் நிறுவனப் பெயரில் கடிதம் அனுப்ப எந்த இயந்திரத்துக்கு அதிகாரம் என்று உலகுக்கு அறிவிக்கும் ஒரு பதிவு உண்டு, 'எஸ்.பி.எஃப்.' என்பார்கள். பாங்கில் மாதிரிக் கையெழுத்து கொடுத்து வைப்பதைப் போன்றது. அதில் பழைய இயந்திரத்தின் எண்ணே இருந்தது. கடிதத்தில் போட வேண்டிய 'டிகிம்' என்ற மின் முத்திரையும் புது சர்வரில் அமைக்கப்படவில்லை. ஆகவே அவருடைய ஒவ்வொரு கடிதமும் ஆள்மாறாட்டக் கடிதம் போலவே மற்ற சர்வர்களுக்குத் தெரிந்தது. ஓட்டல் சர்வர் தாட்சண்யம் பார்த்து உள்ளே விட்டு ஸ்பேமில் போட்டது. ஜிமெயில் அவ்வளவும் பார்க்காது. தனக்கு மெயில் அனுப்பும் யாரானாலும் இவ்விரண்டில் ஒன்றாவது வேண்டும் என்பது 2024 பிப்ரவரி முதல் கூகுளின் விதி; நாளொன்றுக்கு 5,000க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோருக்கு இரண்டும் வேண்டும், 'டிமார்க்' என்ற மூன்றாவதும் வேண்டும்.

சந்தேகப்பட்டு அதே லாக்கில் ஜிமெயில் முகவரிகளைத் தேடினோம். 550, 5.7.26 என்ற எண்ணுடன் வரிசையாகப் 'பவுன்ஸ்ட்'. 17 கடிதங்கள். சின்னச் சின்ன மளிகைக் கடைக்காரர்களுக்குப் போன விலைப் பட்டியல்கள், பாக்கி நினைவூட்டல்கள். ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. திரும்பி வந்த அறிவிப்புகள் எங்கே என்று பார்த்தால், பில் போடும் சாஃப்ட்வேரில் அனுப்புநர் முகவரியாக, இரண்டு வருஷத்துக்கு முன் வேலையை விட்டுப்போன கணக்குப்பிள்ளையின் பெட்டி கொடுக்கப்பட்டிருந்தது. பதினேழு அறிவிப்புகளும் யாரும் திறக்காத அந்தப் பெட்டியில் கிடந்தன. இது நான்கு வாரக் கணக்கு மட்டுமே. அதற்கு முந்தைய லாக் தானாக அழிந்துவிட்டது. ஆவணியில் எத்தனை கடிதம் திரும்பியது, அதனால் எந்த ஆர்டர் போயிற்று என்பது அவருக்கு இனித் தெரியவே போவதில்லை.

ஓட்டலுடன் பேசி, 40,000இல் பாதியை விட்டுக்கொடுத்து முடித்துக்கொண்டார். எஸ்.பி.எஃப்., டிகிம் இரண்டையும் திருத்தினார்கள். அன்றே ஜிமெயிலுக்கு 250 வந்தது.

அடிக்கடி கண்ணில் படும் மற்ற பிழைகளையும் பார்த்துவிடுவோம். 550, 5.1.1 என்றால் அப்படியொரு பெட்டியே இல்லை. பத்தில் எட்டு முறை முகவரியில் ஓர் எழுத்துப் பிழைதான். 452, 4.2.2 என்றால் பெறுபவர் பெட்டி நிரம்பிவிட்டது. போன் போட்டுச் சொன்னால் காலி செய்வார். 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' என்று எல்லா முகவரிக்கும் வந்தால் எதிர்த்தரப்பைக் குறை சொல்ல வேண்டாம். நம் சர்வர் இருக்கும் கம்பெனி, வெளியே மெயில் போகும் 25ஆம் எண் வாசலை அடைத்திருக்கும். புது சர்வர் எடுப்பவர்கள் முன்பணம் கொடுக்குமுன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

'மெசேஜ் சைஸ்' பற்றி 552 வந்தால் கடிதம் கனம் கூடிவிட்டது. போஸ்ட்ஃபிக்ஸ் நிறுவும்போது உள்ள வரம்பு சுமார் 10 எம்.பி. "நான் அனுப்பியது 8 எம்.பி. தானே" என்பார்கள். இணைப்புக் கோப்பு மெயிலில் ஏறும்போது எழுத்தாக மாற்றப்பட்டு மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். 8 என்பது 10ஐத் தாண்டிவிடுகிறது. சாக்கின் எடையும் சேர்த்துத்தானே தராசு காட்டும்!

554, 'ரிலே ஆக்சஸ் டினைட்' என்பதில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். வெளியூர் சென்ற விற்பனையாளர் தமது பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே வராமல் அனுப்ப முயன்றால் இது வரும். அவருடைய போனில் அமைப்பைச் சரிசெய்ய வேண்டும். அதைவிட்டு, 'எல்லோருக்கும் திறந்துவிடு' என்று சர்வரில் மாற்றினால் பிழைச் செய்தி மறைந்துவிடும்தான். ஆனால் உலகத்திலுள்ள குப்பை மெயில்காரர்கள் எல்லாம் நம் வாசல் வழியே அனுப்பத் தொடங்குவார்கள். சில நாளிலேயே நம் சர்வர் எண் கறுப்புப் பட்டியலில் ஏறும். ஏறுவது எளிது, இறங்குவது கடினம்.

சில சமயம் லாக் கோப்பே நோய்க்குக் காரணமாகிவிடும். எழுதிக்கொண்டே போவதால் அது பெருத்து, டிஸ்கை நிரப்பிவிடும். குறிப்பிட்ட அளவு காலி இடம் இல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் புது மெயிலை வாங்காது. '452, இன்சஃபிஷியன்ட் சிஸ்டம் ஸ்டோரேஜ்' என்று சொல்லும். இன்னோர் உறுப்பினரின் மண்டியில் இப்படித்தான் ஒரு நாள் காலையிலிருந்து ஒரு மெயிலும் வரவில்லை. அவசரத்தில் பெரிய லாக் கோப்பை அழித்தார்கள். இடம் திரும்பவில்லை. லாக் எழுதும் நிரல் அந்தக் கோப்பைத் திறந்தே வைத்திருக்கிறது. பெயரை நீக்கினாலும் அது கையை விடும்வரை இடம் கிடைக்காது. அந்த நிரலை நிறுத்தித் தொடங்கினாலே போதும். அது தெரியாமல் அவர்கள் அதே பெயரில் புதுக் கோப்பு ஒன்றை உண்டாக்கினார்கள். அதன் உரிமை தவறான பயனர் பெயரில் அமைந்துவிட்டதால், லாக் நிரலால் அதில் எழுத முடியவில்லை. மெயில் ஓடியது, லாக் மூன்று வாரம் வெறுமையாகக் கிடந்தது. பிழையே இல்லை என்று மகிழ்ந்திருக்கிறார்கள். நடமாட்டமுள்ள சர்வரில் லாக் காலியாக இருப்பதும் பிழைதான்.

நிரம்பாதிருக்க 'லாக்ரொட்டேட்' என்ற ஏற்பாடு உண்டு. பல லினக்ஸ் சர்வர்களில் வாரம் ஒருமுறை புதுக் கோப்பு தொடங்கி, பழையவற்றில் நான்கை மட்டும் வைத்துக்கொள்ளும். பருப்பு வியாபாரிக்கு நான்கு வாரம் மட்டுமே மிஞ்சியதும் இதனால்தான். சர்வர் பார்ப்பவரிடம் சொல்லி இந்த நான்கை 26க்கும் மேலாக்கி, பழையவற்றைச் சுருக்கி வைக்கச் சொன்னால் ஆறு மாதத்துக்குக் கிடைக்கும். இடமும் அதிகம் பிடிக்காது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு பிறப்பித்த உத்தரவும், கம்பெனிகள் முதலியோர் தங்கள் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. தம் நிறுவனத்துக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். பொருந்தாவிட்டாலும் வைத்திருப்பதில் நஷ்டமில்லை.

திருட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஆதன்டிகேஷன் ஃபெயில்டு' என்று லாக்கில் ஆயிரக்கணக்கில் வரிகள் கிடக்கும். யாரோ எங்கிருந்தோ பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்க்கிறார்கள். பூட்டை ஆட்டிப் பார்ப்பவர்கள். 'ஃபெயில்2பேன்' போன்ற நிரல் அவர்களைத் தடுத்துவிடும். நாம் தேட வேண்டியது தோற்றவற்றை அல்ல, வெற்றி பெற்றவற்றை. பெட்டியைத் திறக்கும் 'டவ்காட்' என்ற நிரலின் லாக்கில், 'லாகின்' என்ற வரியில் 'ரிப்' என்ற இடத்தில் வந்தவரின் இணைய எண் இருக்கும். கடை அடைத்த பின் நள்ளிரவில், நாம் போகாத நாட்டின் எண்ணிலிருந்து நம் பெயரில் லாகின் நடந்திருந்தால், உடனே பாஸ்வேர்டை மாற்றுவதுடன், வரும் மெயில்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் கட்டளை ஏதேனும் வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்படி உள்ளே வந்தவன் பேசாமல் உட்கார்ந்து நம் பில்களைப் படிப்பான். பெரிய பாக்கி வசூலாகும் நேரம் பார்த்து, "எங்கள் பாங்க் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் கட்டவும்" என்று நம் பெயரிலேயே வாடிக்கையாளருக்கு எழுதுவான். பணம் போய்விட்டதாகத் தெரிந்தால் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் பல கணக்குகள் மாறிவிடும். லாக்கை அப்படியே வேறு டிஸ்கில் நகல் எடுத்து வைக்கவும் மறக்கக் கூடாது.

சொந்த சர்வர் இல்லாத உறுப்பினர்களே நம்மில் அதிகம். இலவச ஜிமெயில் வைத்திருப்போருக்கு லாக் கிடைக்காது. திரும்பிவரும் அறிவிப்புக் கடிதத்திலேயே அந்த மூன்று இலக்க எண் இருக்கும், அதைப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். கூகுளிடம் கட்டணம் கட்டி நிறுவனப் பெயரில் வைத்திருப்போருக்கு, நிர்வாகிப் பக்கத்தில் 'இமெயில் லாக் சர்ச்' உண்டு. ஹோஸ்டிங் கம்பெனியில் 'சி-பேனல்' உள்ளோருக்கு 'டிராக் டெலிவரி' என்ற இடம் உண்டு. அவற்றைத் திறக்கத் தெரியாவிட்டால் கம்பெனிக்கு எழுதிக் கேட்கலாம். அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி, தேதியுடன் இந்திய நேரப்படி மணி, கடிதத்தின் தலைப்பு ஆகிய நான்கையும் கொடுத்து, "இதற்குரிய லாக் வரிகளை அப்படியே அனுப்புக" என்று கேளுங்கள். 'எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது' என்று பதில் வந்தால் அதை ஏற்காமல், வரிகளையே திரும்பக் கேளுங்கள். வந்த வரிகள் புரியாவிட்டால் அச்செடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.